விரலில் கண் வைத்திருந்த பாஸ்கல்

"கிட்டாரைக் குனிஞ்சு பாத்து வாசிக்கிறவன், சோத்துக்கு டார்ச் அடிச்சுப் பாத்து வாயில வைக்கிறவன் மாதிரி. என் விரலுக்குக் கண்ணு இருக்குய்யா. என்னைக்காவது நான் கிட்டார்க் கழுத்தைக் குனிஞ்சு பாத்தேன்னா, அந்த நிமிஷமே என் ஸ்டூலைத் தூக்கி ஜிஜோவுக்குக் குடுத்துருங்க!"

சாந்தன்பாறை பாஸ்கல் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டது கம்பம்மெட்டில், ஒரு கல்யாணப் பந்தியில். வெறுங்கையைத் தூக்கிச் சொல்லியிருந்தால் இன்னும் எடுப்பாக இருந்திருக்கும். கையில் கோழிக்கால் இருந்ததால் அதையும் சேர்த்துத் தூக்க வேண்டியதாயிற்று. சவேரியார் கோயில் பாடகர் குழு முழுவதும் எதிர்வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்தது. பாஸ்கலின் மனைவி சிசிலி மட்டும் பார்க்கவில்லை. அவள் ஊறுகாய் வருமா என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் பேசும்போது வேறு பக்கம் பார்ப்பது அவளுக்குக் கல்யாணமான புதிதிலேயே கைவந்த கலை.

இத்தனைக்கும் ஜிஜோ கேட்டது ரொம்பச் சாதாரணமான கேள்வி. ஜிஜோ சாந்தன்பாறைக் கடைத்தெருவில் மொபைல் கடை வைத்திருப்பவர். கோயிலில் கீபோர்டு வாசிப்பவர். மலையாளத்திலும் தமிழிலும் ஒரே வாக்கியத்தைப் பேசத் தெரிந்தவர். "சேட்டா, கிட்டார்க் கழுத்துல வெள்ளப் புள்ளி புள்ளியா இருக்கல்லோ, அது எந்தினா? பாத்து வாசிக்கவா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

"அது அலங்காரம்டா. பொம்பளைங்க கம்மல் போடுறாங்கல்ல? கம்மல் இல்லேன்னா காது கேக்காதா?" என்று ஆரம்பித்தவர்தான், கோழிக்காலில் வந்து முடித்தார்.

உண்மை என்னவென்று வாசகர்களுக்கு மட்டும் சொல்லி வைப்போம். கிட்டாரின் கழுத்தில் குறுக்குக் குறுக்காகக் கம்பிக் கட்டுகள் ஓடும். அவற்றுக்கு ஃப்ரெட் என்று பெயர். எல்லாக் கட்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும் என்பதால் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது ஆகிய இடங்களில் ஒவ்வொரு புள்ளியும், பன்னிரண்டில் இரண்டு புள்ளியும் பதித்து வைப்பார்கள். மலைப்பாதையில் கிலோமீட்டர் கல் நிற்கிற மாதிரி. கழுத்தின் விளிம்பிலும் பொடிப்பொடியாகப் புள்ளி வைப்பது வழக்கம். பாஸ்கலின் கிட்டாரைச் செய்த மகராசன் அந்தச் செலவை மிச்சம் பிடித்துவிட்டார்.

பாஸ்கலுக்கு வயது நாற்பத்தைந்துக்கு மேல். அப்பா அம்மா கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறி வந்து ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். இவர் பிறந்தது தோட்டத்து வரிசை வீடான லயத்தில், வளர்ந்தது லயத்தில், இப்போது இருப்பதும் அதே லயத்தில், நாலு வீடு தள்ளி. வேலை, எஸ்டேட் ஸ்டோரில். ஸ்டோர் என்றால் மளிகைக் கடை என்று நினைத்துவிடக் கூடாது. ஏலக்காய் உலர்த்துகிற கட்டடத்துக்கு இந்தப் பக்கம் அதுதான் பெயர். கீழே விறகு எரியும், இரும்புக் குழாய்கள் வழியாகச் சூடு அறைக்குள் சுற்றும், தட்டுத்தட்டாகக் காய் உலரும். கதவை லேசாகத் திறந்து மூக்கை நீட்டியே காய் எந்தப் பதத்தில் இருக்கிறது என்று பாஸ்கல் சொல்லிவிடுவார். அது நிஜமாகவே பெரிய விஷயம். ஆனால் அதைப் பற்றி அவர் எங்கும் பீற்றிக்கொண்டதில்லை. மூக்கில் என்ன பெருமை இருக்கிறது? எல்லாருக்கும்தான் மூக்கு இருக்கிறது.

அவருடைய பெருமையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில். கோயிலின் இடப்பக்கம், தூணோரம், பாடகர் குழுவுக்கு மொத்தம் ஒரே ஒரு ஸ்டூல். அது பாஸ்கலுடையது. பாடுகிறவர்கள் நிற்பார்கள், ஜிஜோவும் கீபோர்டின் முன்னால் நின்றுகொண்டே வாசிப்பார். பாஸ்கல் மட்டும் உட்கார்ந்திருப்பார். தாடை மேல்நோக்கி இருக்கும். முகம் பீடத்துக்கு மேலே உத்திரத்தில் குடியிருக்கும் புறாவைப் பார்த்திருக்கும். கண்ணில் காப்பி நிறத்தில் கூலிங் கிளாஸ்.

கோயிலில் இருப்பது இரண்டு டியூப்லைட். அதில் ஒன்று எரியாது. வெளியே வருடத்தில் பாதி நாள் மஞ்சு என்கிற மூடுபனி மூடிக்கிடக்கும். இப்பேர்ப்பட்ட இடத்தில் எதற்குக் கூலிங் கிளாஸ் என்று புதிதாக வந்தவர்கள் கேட்பதுண்டு.

"ஸ்டோர்ப் புகை பட்டுப் பட்டுக் கண்ணு வெளிச்சம் தாங்க மாட்டேங்குது" என்பார் பாஸ்கல், வெகு சோகமாக. கேட்டவர்கள் உச்சுக் கொட்டிவிட்டுப் போவார்கள். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் கண் புறாவைப் பார்த்ததா, வேறு எதையாவது பார்த்ததா என்ற விவரம் அன்றைய தேதியில் யாரிடமும் இல்லை.

கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இந்த மலையில் மழைக்காலம் என்றால் கொடியில் போட்ட துணி காயாது, பூசணம் பூக்கும். அதற்கு ஊர் கண்டுபிடித்த வழி ஸ்டோர்தான். காய்த் தட்டுகளுக்கு மேலே கம்பி கட்டி, லயத்துக்காரர்கள் எல்லாரும் ஈரத்தைக் கொண்டுவந்து தொங்கவிடுவார்கள். பிள்ளைகளின் யூனிஃபார்ம், கம்பளி, நனைந்துபோன ரேஷன் கார்டு, ஒரு தடவை பங்குத்தந்தையின் அங்கி. அந்த ஞாயிறு அவர் நற்கருணை கொடுத்துக்கொண்டு வந்தபோது முன்வரிசைக்காரர்களுக்குப் பாயசம் ஞாபகம் வந்தது.

அந்த மழையில் பாஸ்கலின் கிட்டாருக்கு முதுகில் வெள்ளையாகப் பூசணம் பூத்தது. துடைத்தார். மறுபடி பூத்தது. பாஸ்கல் தீர யோசித்தார். ஏலக்காய் மாதிரி ஒரு நுட்பமான பொருளுக்கே நல்லது செய்கிற ஸ்டோர், ஒரு மரக்கட்டைக்குக் கெட்டதா செய்துவிடப் போகிறது? கிட்டாரைக் கொண்டுபோய், கழுத்து கீழே தொங்கும்படி, யாரோ ஒரு பிள்ளையின் பாவாடைக்கும் ஒரு போர்வைக்கும் நடுவில் மாட்டிவிட்டு வந்தார்.

காய் உலர்ந்து இறக்குகிற வரை கிட்டாரும் உலர்ந்தது. பூசணம் சுத்தமாகப் போய்விட்டது. கிட்டாரை எடுத்துத் தட்டிப் பார்த்தார். 'டங்' என்று கணீரென்று சத்தம். பெருமிதத்தோடு கழுத்தைத் தடவினார். விரல் ஒரு பள்ளத்தில் இறங்கியது. கொஞ்சம் தள்ளித் தடவினார். அங்கேயும் ஒரு பள்ளம். சூட்டில் மரம் சுண்டி, பசை உலர்ந்து, ஆறு வெள்ளைப் புள்ளிகளும் கழன்று கீழே காய்த் தட்டில் விழுந்திருந்தன. தட்டு காலியாக இருந்தது. காய் அதற்குள் சாக்கில் ஏறி, சாக்கு வண்டியில் ஏறி, வண்டி ஏலத்துக்குப் போய்விட்டது. எந்த ஊரில் யாருடைய பாயசத்தில் அந்தப் புள்ளிகள் கிடைத்தனவோ, கடித்தவருக்குப் பல் எப்படி இருக்கிறதோ, நமக்குத் தகவல் இல்லை.

பாஸ்கல் கலங்கவில்லை. அலங்காரம்தானே? கம்மல்தானே? அன்று சாயங்காலமே கோயிலில் ஒத்திகை. கிட்டாரோடு போனார்.

அங்கே பங்குத்தந்தை வந்திருந்தார். பாலா என்கிற ஊர்ப் பக்கத்து மலையாளி, நல்ல மனிதர், சிக்கனமானவர். "பாஸ்கலே, ஜிஜோ எனக்கு அந்தக் கீபோர்டைக் காணிச்சு. அதுக்குள்ள வயலின் உண்டு, புல்லாங்குழல் உண்டு, கிட்டாரும் உண்டு. பின்ன எதுக்கு ரெண்டு ஆளு, ரெண்டு மைக்கு? இருக்கிற மைக்குல ஒண்ணு சங்கீர்த்தியில வேணும்" என்றார். சங்கீர்த்தி என்றால் அவர் பூசைக்கு உடை மாற்றுகிற அறை.

பாஸ்கல் அவசரமாகக் குறுக்கிட்டார். "ஃபாதர், காணிக்கைப் பாட்டுக்கு முன்னாடி நான் வாசிப்பேனே தனியா ஒரு பிட்டு..."

"ஆமா, அது கேக்க நல்லா இருக்கும். சரி, சவேரியார் பெருநாளுக்கு வாசிக்கட்டும். கேட்டுட்டுத் தீருமானிக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

அந்த 'பிட்டு' பாஸ்கலே உண்டாக்கியது. ஒரே தந்தியில் மூன்றாம் கட்டில் ஆரம்பித்து, ஐந்து, ஏழு, ஒன்பது என்று படியேறிப் பன்னிரண்டில் போய் நின்று அழும். அது அழுது முடிக்கிற இடத்தில்தான் சிசிலி பாட்டை எடுப்பாள். அந்தப் பிட்டு இருக்கிற வரைதான் ஸ்டூல் இருக்கும் என்பது இப்போது பாஸ்கலுக்கு விளங்கிவிட்டது.

"ஒருதடவை பாக்கலாமா சேட்டா?" என்றார் ஜிஜோ.

பாஸ்கல் கண்ணாடியை மாட்டினார். தாடையைத் தூக்கினார். மூன்றாம் கட்டு சரியாக வந்தது. அங்கிருந்து கை வழுக்கிக்கொண்டு மேலே போனது. எங்கே போய் நின்றது என்று சவேரியாருக்குத்தான் தெரியும். உத்திரத்திலிருந்த புறா எழுந்து வேறு உத்திரத்துக்குப் போனது.

"இது புதிய டியூனா சேட்டா?" ஜிஜோ குரலில் கள்ளம் கபடம் துளியும் இல்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

"தந்தி பழசு."

"அய்யோ, கழுத்துல ஓட்டை ஓட்டையா இருக்கே!"

"காத்து போறதுக்கு" என்றார் பாஸ்கல். "நல்ல கிட்டாருக்கெல்லாம் அப்படித்தான்."

அன்று வீட்டுக்குப் போகிற வழியில், இத்தனை வருடமாகக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதை பாஸ்கல் தமக்குத் தாமே ஒப்புக்கொண்டார். முகம் புறாவோடு இருந்தது உண்மை. கண் ஒருநாளும் புறாவோடு இருந்ததில்லை. பக்கத்துப் பையன் பரீட்சைப் பேப்பரைப் பார்க்கிற மாதிரி, கடைக்கண் எப்போதும் அந்த வெள்ளைப் புள்ளிகளின் மேலேயே இருந்திருக்கிறது. பல தந்திகளைச் சேர்த்து அழுத்திக் கோர்டு பிடிக்கிற காரியம் வேறு. அதை அவர் விரல்கள் நிஜமாகவே பார்க்காமல் செய்யும். படியேறுவதுதான் ஆகாது. விரலுக்குக் கண் இருந்தது வாஸ்தவம். ஆனால் அந்தக் கண் ஸ்டோர்த் தட்டில் விழுந்து ஏலத்துக்குப் போய்விட்டது.

கம்பத்துக்குப் போய்க் கடையில் கொடுத்தால் அரை நாளில் புள்ளி பதித்துக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் கடைக்காரர் எதற்கு என்று கேட்பார். பஸ்ஸில் ஏறினால் பஸ்ஸில் கேட்பார்கள். கோழிக்கால் சமாச்சாரம் அதற்குள் ஆனைக்கரை வரை போயிருந்தது. ஆகவே, அலங்காரம் என்று தாம் அறிவித்துவிட்ட ஒரு பொருளை, யாருக்கும் தெரியாமல், தாமே பதிப்பது என்று பாஸ்கல் தீர்மானித்தார்.

முதலில் எதை வைத்துப் பதிப்பது? வீட்டில் ஒரு பழைய டூத் பிரஷ் இருந்தது. கைப்பிடி உருண்டையாக, வெள்ளை வெளேரென்று, குழிக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. அதைத் துண்டு துண்டாக அறுத்து ஒட்டியிருந்தால் இந்தச் சரித்திரம் இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பாஸ்கல் பிறந்தது ஏலத்தோட்டத்தில். இந்த ஊரில் வெள்ளை என்றால் வெளுத்த காய். வெளுத்த காய் என்றால் தரம் குறைந்த காய், ஏலத்தில் எவனும் ஏறெடுத்துப் பார்க்காத காய். காய் என்றால் கரும்பச்சையாக, தண்ணீரில் நனைந்த இலை மாதிரி இருக்க வேண்டும். ஆயுள் முழுவதும் பச்சை நிறம் மங்கிவிடக் கூடாதே என்று நெருப்பைக் கூட்டியும் குறைத்தும் காவல் இருந்த மனிதர், தம் கிட்டாரின் கழுத்தில் வெளுத்த காய் நிறத்தில் புள்ளி வைப்பாரா? முடியாது என்று டூத் பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டார்.

சிசிலியின் கூடையில் பச்சை இருந்தது.

சிசிலிக்கு மடத்து சிஸ்டர்கள் ஸ்வெட்டர் பின்னச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இப்போது ஒன்று பின்னிக்கொண்டிருந்தாள். முன்பக்கம், பின்பக்கம், ஒரு கை எல்லாம் ஆகிவிட்டது. இன்னொரு கை பாக்கி. கூடைக்குள் நூல்கண்டின் மேல் இரண்டு பிளாஸ்டிக் பின்னல் ஊசிகள் குறுக்காகக் குத்தி நின்றன. பென்சிலை விடக் கொஞ்சம் மெலிசு, நல்ல முதல்தரக் காயின் கரும்பச்சை. பாஸ்கல் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒன்றை உருவிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். இன்னொன்றுதான் இருக்கிறதே என்று தம் மனசாட்சிக்குச் சமாதானமும் சொன்னார். ஒற்றை ஊசியில் ஸ்வெட்டர் பின்ன முடியாது என்பது அவருடைய இசை ஞானத்துக்கு அப்பாற்பட்ட விஷயம்.

மறுநாள் மத்தியானம், ஸ்டோருக்குப் பின்னால் விறகு அடுக்கியிருக்கும் கொட்டகையில் வேலை ஆரம்பித்தது. தந்திகளைக் கழற்றினார். பழைய பசை குழிகளின் அடியில் பொருக்குத் தட்டியிருந்தது. அதைச் சின்னத் திருப்புளி நுனியால் சுரண்டி எடுத்தார். சுற்றிலும் மரத்தில் கீறல் விழாமலிருக்க டேப் ஒட்டினார். ரம்பத் தகட்டால் ஊசியை வெள்ளரிக்காய் அரிவது போல் வட்டம் வட்டமாக அறுத்தார். முதல் வில்லை துள்ளி விறகுக்குள் போய் மறைந்தது. இரண்டாவதும் அதைத் தேடிக்கொண்டு போனது. அதற்கப்புறம் வந்தவை சொன்ன பேச்சுக் கேட்டன.

வில்லை கொஞ்சம் தடிமனாக இருந்தால் நல்லது. குழிக்கு மேலே துருத்தி நிற்கும், பிறகு அரத்தால் ராவிச் சமமாக்கிக்கொள்ளலாம். குழியில் ஒரு சொட்டுப் பசை, மேலே வில்லை, விரலால் ஓர் அழுத்து. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது எல்லாம் அழகாக உட்கார்ந்தன. பன்னிரண்டாம் கட்டின் முதல் புள்ளியும் உட்கார்ந்தது. கடைசிப் புள்ளிக்குப் பசை கொஞ்சம் தாராளமாக விழுந்துவிட்டது. அழுத்திய இடது ஆள்காட்டி விரலை எடுத்தார். வரவில்லை. இழுத்தார். கிட்டாரும் கூடவே வந்தது. அந்தப் பசை எதையும் கண்ணிமைக்கிற நேரத்தில் ஒட்டும் என்று குப்பியின் மேலேயே எழுதியிருந்தது.

அந்த நேரம் பார்த்து, ஸ்டோருக்குள் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த சிசிலி கொட்டகைக்கு வந்தாள்.

"ஏங்க, இங்கனதான் இருக்கீங்களா? என் பச்சை ஊசியில ஒண்ணைக் காணோம். பாத்தீங்களா?"

பாஸ்கல் மீதி ஊசியைக் காலால் விறகுக்கடியில் தள்ளினார். கிட்டாரை வயிற்றோடு அணைத்துக் கழுத்தின் முகத்தைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஊசியா? நான் என்னத்தக் கண்டேன்."

"கூடையிலதான் வச்சிருந்தேன். எலி இழுத்துட்டுப் போச்சோ என்னமோ."

"எலிக்கு என்னாத்துக்கு ஊசி?"

"அதைத்தான் நானும் கேக்குறேன், எலிக்கு என்னாத்துக்கு ஊசின்னு." சிசிலி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "வேலை நேரத்துல இங்க உக்காந்து என்ன பண்றீங்க?"

"சாதகம்."

"தந்தி இல்லாமயா?"

பாஸ்கல் அப்போதுதான் தந்தி இல்லாததைக் கவனித்தார். ஆனாலும் அசரவில்லை. "தந்தியோட எவன் வேணும்னாலும் பண்ணுவான். இது விரலுக்கு மட்டும். மனசுக்குள்ளயே வாசிக்கிறது."

"ஒரே விரலை ஒரே எடத்துலயே வச்சிருக்கீங்க?"

"அந்த நோட்டு நீளமானது."

சிசிலி கொஞ்ச நேரம் நின்று அந்த நீளமான நோட்டைக் கேட்டாள். பிறகு, "பெருநாளுக்குப் போட்டுக்கலாமேன்னு உங்களுக்குத்தான் பின்னிக்கிட்டிருந்தேன். ஊசி கிடைக்காட்டி ஒத்தக் கையோடதான் போகணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பாஸ்கல் கிட்டாரைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஸ்வெட்டர் யாருக்கு என்று அவர் அதுவரை கேட்கவே இல்லை. விரலை விடுவிக்க வெந்நீர், தேங்காயெண்ணெய், கொஞ்சம் தோல் ஆகிய மூன்றும் செலவாயின. தோல்தான் அவருடையது, மற்ற இரண்டும் ஸ்டோரில் டீ போடுகிறவருடையவை.

அதன் பிறகு ராவினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். எண்ணெய் தொட்டுத் துடைத்தார். பெருநாளுக்கு முந்தின நாள், வேலை முடிந்தது. மேகம் விலகி வெளிச்சம் விழுந்த நேரத்தில், கருத்த மரத்தில் ஆறு பச்சைப் புள்ளிகளும் தட்டில் பரப்பிய முதல்தரக் காய் மாதிரி மினுங்கின. தந்தி மாட்டி வாசித்துப் பார்த்தார். யாரும் இல்லாத இடம் என்பதால் கண்ணாடி போடவில்லை. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு. ஒவ்வொன்றும் குறி வைத்த இடத்தில் விழுந்தது. பாஸ்கலுக்குக் கம்பம்மெட்டுப் பந்தியில் சொன்னது மறுபடி உண்மையாகிவிட்டது போலத் தோன்றியது. கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். இனி அதை எல்லார் முன்னாலும் திறப்பதுதான்.

சவேரியார் பெருநாள் அன்று கோயில் கொள்ளாத கூட்டம். பூப்பாறையிலிருந்தெல்லாம் ஜீப்பில் வந்திருந்தார்கள். மஞ்சு வாசல் வரை வந்து, உள்ளே இடமில்லாமல் வெளியே நின்றது. ஸ்வெட்டர் இல்லாத பாஸ்கல் குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜிஜோ. எதிரே அரைவட்டமாகப் பாடகர் குழு, நடுவில் சிசிலி. வருகைப் பாட்டு கோர்டிலேயே ஓடிப்போயிற்று. பாஸ்கலின் முகம் புறாவோடு இருந்தது.

காணிக்கை நேரம் வந்தது. பங்குத்தந்தை பீடத்திலிருந்து பாடகர் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். கேட்டுட்டுத் தீருமானிக்கலாம் என்ற பார்வை. ஜிஜோ கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டார். மைக்கு பாஸ்கல் பக்கம் திரும்பியது.

பாஸ்கல் கண்ணாடியைச் சரிசெய்தார். தாடையைத் தூக்கினார். வழக்கம்போலக் கடைக்கண்ணை மட்டும் இறக்கினார்.

கழுத்தில் ஒன்றும் இல்லை.

அந்தக் காப்பி நிறக் கண்ணாடி வழியாக, ஒற்றை டியூப்லைட்டின் வெளிச்சத்தில், கரும்பச்சையும் கருத்த மரமும் ஒரே காப்பியாகக் கலந்திருந்தன. வெளுத்த காயாக இருந்திருந்தால் பளிச்சென்று தெரிந்திருக்கும். முதல்தரக் காய், தரத்தைக் காட்டிவிட்டது.

மூன்றாம் கட்டை ஒருமாதிரித் தடவிப் பிடித்தார். அடுத்தது தவறிப்போய் விழுந்தது. முன்வரிசையில் காணிக்கைத் தட்டோடு எழுந்த ஒருவர், உட்கார வேண்டுமோ என்று சந்தேகப்பட்டு மறுபடி உட்கார்ந்தார். பாஸ்கலின் கை நின்றது. மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது.

"சேட்டா" என்று ஜிஜோ குனிந்து காதருகில் சொன்னார். "நான் எடுக்கட்டே? கிட்டார் சவுண்டு போட்டு வச்சிட்டுண்டு."

ஜிஜோ நல்லெண்ணத்தில்தான் கேட்டார். விரல் கீபோர்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் காத்திருந்தது. சரி என்று ஒரு தலையசைப்புப் போதும், மானம் காப்பாற்றப்படும். தந்தி அறுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். தாடை தூக்கியது தூக்கியபடியே வெளியே போய்விடலாம். அப்புறம் அடுத்த ஞாயிறு இந்தத் தூணோரத்தில் கிட்டார் இருக்காது, அவ்வளவுதான். பாஸ்கல் சிசிலியைப் பார்த்தார். பாட்டை எடுக்க வேண்டியவள், எடுப்பதற்கு ஒரு சுருதி கிடைக்குமா என்று வாயைப் பாதி திறந்தபடி நின்றிருந்தாள். பூசையில் முதல் தடவையாக, அவள் வேறு பக்கம் பார்க்கவில்லை.

பாஸ்கல் கண்ணாடியைக் கழற்றினார். வைக்க இடமில்லாமல் ஜிஜோவின் கீபோர்டு மேலேயே வைத்தார். பிறகு, பிரகடனத்தை நேரில் கேட்ட அத்தனை பேருக்கும் எதிரே, தலையைக் குனிந்தார். சாடையாக அல்ல. தாடை நெஞ்சில் முட்டுகிற அளவுக்கு, கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிற மாதிரிக் குனிந்து, கழுத்தை உற்றுப் பார்த்தார். புள்ளிகள் இருந்தன. மூன்று. ஐந்து. ஏழு. ஒன்பது. ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒவ்வொன்றாக வைத்துப் படியேறிப் போய், பன்னிரண்டில் நின்றார். அது இதுவரை எந்தப் பெருநாளிலும் அழாத அழுகையை அழுதது.

காணிக்கைத் தட்டுக்காரர் எழுந்து நடந்தார். கீபோர்டுக்கு மேலே காத்திருந்த விரலை ஜிஜோ மடக்கிக்கொண்டார். ஸ்டூலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தவறிக் கீழே விழப் போன கண்ணாடியை மட்டும் பிடித்துத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "பாத்தீகளா, மனுசன் என்னா பக்தியாத் தலை குனிஞ்சு வாசிக்கிறாரு" என்று முன்வரிசையில் ஒரு பூப்பாறைப் பெண்மணி சொன்னது மைக்கிலும் லேசாகக் கேட்டது. பங்குத்தந்தை கண்ணை மூடித் தலையை ஆட்டினார். மைக்கு விஷயம் தீருமானம் ஆகிவிட்டதென்று அந்த ஆட்டலிலேயே தெரிந்தது.

சிசிலி சரியான இடத்தில், சரியான சுருதியில் பாட்டை எடுத்தாள். எடுத்துவிட்டுக் கணவர் அப்படி எதைத்தான் பார்க்கிறார் என்று தானும் பார்த்தாள். கருத்த கழுத்தில் ஆறு பச்சை வில்லைகள். பச்சை அவளுக்குத் தெரிந்த பச்சை. தடிமனும் தெரிந்த தடிமன். பாட்டின் இரண்டாவது அடியில் அவள் குரல் கொஞ்சம் தேவைக்கு மேலேயே ஓங்கியது.

அடுத்தது நற்கருணைப் பாட்டு. அதில் படியேறுகிற வேலையே கிடையாது, வெறும் கோர்டு. பாஸ்கலின் விரல்கள் தூக்கத்தில்கூட வாசிக்கும். ஆனாலும் குனிந்த தலையை அவர் நிமிர்த்தவில்லை. நிமிர்ந்தால் நேர் எதிரே சிசிலி நிற்கிறாள். பூசை முடிந்து கடைசி ஜீப் கிளம்புகிற வரையில் அவர் அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.